குளிர்காலத்தில் குழந்தைகளோடு டெல்லி: ஊரிலிருந்து வருபவர்கள் கேட்கும் கேள்விகள்

டிசம்பர் பிறந்தால் போதும், டெல்லியில் குடியிருக்கும் தமிழர்களின் வாட்ஸ்அப்பில் ஊர்ச் சொந்தங்கள் வரிசை கட்டிவிடுவார்கள். அரையாண்டு விடுமுறை, வீட்டில் இரண்டு வாண்டுகள், "டெல்லியைச் சுத்திக் காட்டிடலாமா?" என்ற யோசனை. சந்தேகங்கள் எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான். ஆளுக்கு ஆள் குரல்செய்தி அனுப்புவதைவிட எழுதி வைத்துவிடலாம் என்று இதைத் தொகுத்தேன். கேள்விகள் அவர்கள் கேட்டபடியே இருக்கின்றன. பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளை மனதில் வைத்து எழுதியது. கல்லூரிப் பையன்களுக்கு இதில் பாதி தேவைப்படாது.

டெல்லி குளிர்னு எல்லாரும் பயமுறுத்துறாங்களே, நிஜமாவே அவ்வளவு குளிருமா?

டிசம்பர் கடைசியிலிருந்து ஜனவரி பாதி வரை இரவில் 4 முதல் 8 டிகிரி வரை இறங்கும். பகலில் வெயில் அடித்தால் 20 டிகிரியைத் தொடும். கேட்டால் ஊட்டி மாதிரிதானே என்று தோன்றும். வித்தியாசம் வீட்டுக்குள்தான் தெரியும். இங்குள்ள வீடுகள் மே மாத வெக்கையைச் சமாளிக்கக் கட்டியவை. தரையில் கால் வைத்தால் சில்லிடும், சுவரில் சாய்ந்தால் முதுகு விறைக்கும். வெளியே வெயிலில் நிற்பவர் ஸ்வெட்டரைக் கழற்றிக்கொண்டிருக்கும் அதே நேரத்தில், அறைக்குள் இருப்பவர் போர்வைக்குள் சுருண்டிருப்பார். அதனால்தான் டெல்லிக்காரர்கள் ஜனவரியில் மொட்டை மாடியில் நாற்காலி போட்டு ஆரஞ்சு உரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

வெயிலே வராத நாட்களும் உண்டு. பனிமூட்டம் விலகாமல் பகலிலும் 14, 15 டிகிரியிலேயே நின்றுவிடும். வானிலைத் துறை இதைக் 'குளிர் நாள்' என்று தனியாக அறிவிக்கும். குழந்தைகளுக்குக் கஷ்டமானது இரவுக் குளிரைவிட இந்தப் பகல் குளிர்தான், ஏனென்றால் இரவில் அவர்கள் ரஜாய் என்ற பஞ்சுப் போர்வைக்குள் இருப்பார்கள்.

எந்த மாசம் வந்தா நல்லது?

பிப்ரவரி இரண்டாம் வாரத்திலிருந்து மார்ச் பாதி வரை. குளிர் இதமாகிவிடும், பூங்காக்களில் பூ பூத்திருக்கும், குடியரசுத் தலைவர் மாளிகையின் அம்ரித் உத்யான் தோட்டத்தையும் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டிருப்பார்கள். பள்ளிக்கூடம் விட வேண்டுமே என்பீர்கள். எல்.கே.ஜி. பிள்ளைக்கு நாலு நாள் லீவு போட்டால் குடி முழுகிப் போகாது என்பது என் கருத்து.

அரையாண்டு விடுமுறையில்தான் முடியும் என்றால், டிசம்பர் 23, 24-லேயே கிளம்பிப் புத்தாண்டுக்கு முன் திரும்பிவிடுங்கள். ஜனவரி முதல் வாரத்தில் குளிரும் கூடும், டெல்லிப் பள்ளிகளுக்கும் குளிர்கால விடுமுறை தொடங்கிவிடும். உள்ளூர்க் கூட்டம் முழுக்க நீங்கள் போகும் இடத்துக்கே வந்து நிற்கும். தீபாவளியை ஒட்டிய நவம்பரைக் குழந்தைகளோடு யோசிக்கவே வேண்டாம். காரணம் கீழே காற்று பற்றிய பதிலில் இருக்கிறது.

என்ன துணி எடுத்துட்டு வரணும்? மொத்தமா ஒரு ஜெர்கின் போதாதா?

போதாது. தடிமனான ஒரே ஜெர்கினைவிட மெல்லிசாக மூன்று அடுக்குதான் வேலை செய்யும்: உடம்போடு ஒட்டிய தெர்மல், அதன் மேல் முழுக்கைப் பருத்திச் சட்டை, அதன் மேல் ஸ்வெட்டர். காலையிலும் மாலையிலும் ஜெர்கின். மதியம் பிள்ளைகள் ஓடி வியர்த்துவிடுவார்கள். அப்போது ஒவ்வொன்றாக உரிக்க வேண்டும். வியர்த்த தெர்மலோடு மாலைக் குளிரில் நிற்க விட்டால்தான் சளி பிடிக்கும். பையில் மாற்றுத் தெர்மல் ஒன்று எப்போதும் இருக்கட்டும்.

காதையும் பாதத்தையும் மூடிவிட்டால் பாதி வேலை முடிந்தது. காது மூடும் குல்லா, ஆளுக்கு நாலைந்து ஜோடி சாக்ஸ், மூடிய ஷூ. அறைக்குள் போட்டுக்கொள்ளத் துணிச் செருப்பு ஒன்று. இது யாருக்கும் ஞாபகம் வருவதில்லை. சிறு குழந்தைகளுக்குக் கம்பளி நேராகத் தோலில் பட்டால் அரிக்கும், உள்ளே பருத்தி இருந்தே ஆக வேண்டும். ஜீன்ஸ் சில்லென்றுதான் இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்வெட்டர் எல்லாம் இங்கேயே வாங்கிடவா, அங்க வந்து வாங்கிக்கவா?

தெர்மல், குல்லா, சாக்ஸ், ஆளுக்கு ஒரு ஸ்வெட்டர் ஆகியவற்றை ஊரிலேயே வாங்கிவிடுங்கள். ரயில் ஆக்ராவைத் தாண்டும்போதே தேவைப்படும். மீதியை இங்கே வாங்கலாம். லூதியானாவில் பின்னிய கம்பளி உடுப்புகள் சரோஜினி நகர், லஜ்பத் நகர், கரோல் பாக் கடைகளில் குவிந்து கிடக்கும். விலை பேசத் தயங்க வேண்டாம். இந்த மூன்று சந்தைகளுக்கும் திங்கட்கிழமை வார விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை சரோஜினி நகருக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள்; கூட்டத்தில் மூச்சு முட்டும்.

ரயில்ல வரட்டுமா, ஃப்ளைட்டா?

ஐந்து வயதுக்குக் கீழே பிள்ளை இருந்தால் விமானம். சென்னையிலிருந்து டெல்லி 2,180 கிலோமீட்டர். தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் இரவு பத்து மணிக்குக் கிளம்பி மூன்றாம் நாள் காலைதான் வந்து சேரும், அதுவும் சரியான நேரத்துக்கு வந்தால். டிசம்பர் பிற்பகுதியில் ஆக்ரா, மதுரா பக்கம் பனிமூட்டத்தில் வண்டி ஊர்ந்துதான் வரும். பல மணி நேரத் தாமதம் சர்வ சாதாரணம். வரும் பெட்டிகளே தாமதமானால் நீங்கள் ஊர் திரும்பும் வண்டியும் நேரம் தள்ளிப் போகும்.

பிள்ளைகள் சற்றுப் பெரியவர்கள், ரயில் பயணமே அவர்களுக்குக் கொண்டாட்டம் என்றால் தாராளமாக ரயிலில் வாருங்கள். ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்குத் தனிப் படுக்கை கேட்காவிட்டால் டிக்கெட் வேண்டாம். ஐந்து முதல் பதினொன்று வரை படுக்கை வேண்டுமென்றால் முழுக் கட்டணம். சாப்பாட்டில் ஒரு வேளைக்கு உபரியாக வைத்துக்கொள்ளுங்கள். புளியோதரையும் இட்லிப் பொடி தடவிய இட்லியும் இந்த வழியில் கைவிட்டதே இல்லை.

விமானம் என்றால் மதியம் டெல்லியில் இறங்குவதுபோல் பாருங்கள். அடர்ந்த மூட்டம் பெரும்பாலும் நள்ளிரவில் இறங்கி காலை ஒன்பது, பத்து மணிக்குக் கலையும். விடியற்காலை விமானம் மலிவாகக் கிடைப்பதற்கு அதுவும் ஒரு காரணமோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு. சில நாள் ஜெய்ப்பூருக்கோ லக்னோவுக்கோ திருப்பிவிட்டு, அங்கே விமானத்துக்குள்ளேயே உட்கார வைத்துவிடுவார்கள். கைப்பையில் பால் பவுடரும் டயப்பரும் இருக்க வேண்டும்.

ஹோட்டல் எந்தப் பக்கம் எடுக்கலாம்? ஹீட்டர் இருக்கும்ல?

மெட்ரோ நிலையத்துக்கு நடந்து போகிற தூரத்தில் எடுங்கள், ஏரியா இரண்டாம் பட்சம். கரோல் பாக்கில் சுமாரான விலைக்கு அறை கிடைக்கும், தென்னிந்தியச் சாப்பாடும் பக்கத்திலேயே. கன்னாட் பிளேஸைச் சுற்றி விலை கூடுதல், ஆனால் அலைச்சல் குறைவு.

ஹீட்டர் 'இருக்கும்ல' என்று நம்பிவிடக் கூடாது, கேட்டே ஆக வேண்டும். டெல்லியில் பல ஹோட்டல்களில் ஏ.சி. குளிரூட்ட மட்டும்தான். ரூம் ஹீட்டர் தருவார்களா, அதற்குத் தனிக் கட்டணமா, 24 மணி நேரமும் வெந்நீர் வருமா, அறையில் ஜன்னல் வெளிப்பக்கம் திறக்குமா என்று போனிலேயே கேளுங்கள். வெயில் விழும் அறை கிடைத்தால் அதிர்ஷ்டம். ஹீட்டரில் எண்ணெய் நிரப்பிய வகை நல்லது. கம்பி சிவந்து எரியும் வகை என்றால் குழந்தை கை வைத்துவிடும், போர்வை பட்டாலும் ஆபத்து.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். சொந்தக்காரர் வீட்டிலோ விடுதியிலோ கரி அடுப்பை, இங்கே அங்கீட்டி என்பார்கள், அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்த விடாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூக்கத்திலேயே குடும்பத்தோடு இறந்துபோன செய்தி ஒவ்வொரு குளிர்காலத்திலும் வருகிறது. காற்றோட்டமில்லாத குளியலறையில் கேஸ் கீசர் இருந்தாலும் இதே கதைதான்.

ஒரு நாளைக்கு எத்தனை இடம் பார்க்கலாம்? நாலு இடம் முடிச்சிடலாமா?

ஒன்று. மிஞ்சிப் போனால் அதற்குப் பக்கத்திலேயே இன்னொன்று. குளிர்கால டெல்லியில் குழந்தைகளுக்கான பகல் என்பது காலை 11 முதல் மாலை 4 வரைதான். சூரியன் உதிப்பதே ஏழேகாலை ஒட்டி, மூட்டம் விலக இன்னும் நேரமாகும். ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடும். இந்த ஐந்து மணி நேரத்தை வெயிலில் செலவழிக்க வேண்டும். திட்டம் போடும்போது 'என்ன பார்ப்பது' என்பதைவிட 'அந்த நேரத்தில் எங்கே வெயில் காய்வது' என்று யோசியுங்கள், பயணம் தானாகச் சரியாகிவிடும்.

டிராவல்ஸ்காரர்களின் 'ஒரே நாளில் டெல்லி' பஸ்ஸில் ஏற வேண்டாம். காலை ஆறரைக்குப் பிள்ளையை எழுப்பி, ஒவ்வொரு இடத்திலும் முக்கால் மணி நேரம் இறக்கி ஏற்றி, இரவு எட்டு மணிக்குக் கொண்டுவந்து விடுவார்கள். மறுநாள் காய்ச்சல் மாத்திரை தேடி அலைவீர்கள்.

பையனுக்கு ஏழு, பொண்ணுக்கு நாலு. அவங்களுக்குப் பிடிக்கிற மாதிரி எங்க போகலாம்?

என் முதல் சிபாரிசு சாணக்கியபுரியில் உள்ள தேசிய ரயில் அருங்காட்சியகம். 1977-ல் திறந்தது. பெரும்பகுதி திறந்தவெளி, அதாவது முழுக்க வெயில். பழைய நீராவி இஞ்சின்கள் வரிசையாக நிற்கும், உள்ளேயே ஓடும் குட்டி ரயிலில் ஒரு சுற்றுப் போகலாம். பாட்டியாலா மோனோரயிலைத் தவறவிடாதீர்கள். 1907-ல் பாட்டியாலா சமஸ்தானத்தில் ஓடியது. வண்டியின் ஒரு பக்கத்துச் சின்னச் சக்கரங்கள் ஒற்றைத் தண்டவாளத்தில் உட்கார்ந்திருக்கும். மறுபக்கம் ஒரே ஒரு பெரிய இரும்புச் சக்கரம் வெறும் தரையில் உருளும். ஏழு வயதுப் பையன் குனிந்து அடியில் பார்த்துவிட்டு "இது எப்படிப்பா கவுறாம போகும்?" என்று கேட்பான். தண்டவாளப் பக்கம்தான் பாரம் முழுக்க, பெரிய சக்கரம் சாயாமல் தாங்க மட்டும் என்று சொல்லலாம்.

அடுத்தது சுந்தர் நர்சரி. ஹுமாயூன் கல்லறைக்கு எதிரே 90 ஏக்கர் தோட்டம், சீரமைத்து 2018-ல் திறந்தார்கள். பாய் விரித்து உட்கார்ந்துவிடலாம். டெல்லிக் குடும்பங்கள் குளிர்காலத்தில் செய்வதே அதுதான். பிள்ளைகள் வாத்து பார்க்க, மயிலைத் துரத்த, புல்லில் உருள. பெரியவர்கள் வெயிலில் முதுகைக் காட்டிக்கொண்டு கண்ணை மூட. நான்கு வயதுப் பெண்ணுக்கு ஹுமாயூனும் அக்பரும் ஒன்றும் புரியாது, இது புரியும். தெம்பு மிச்சம் இருந்தால் எதிரே ஹுமாயூன் கல்லறையைப் பார்த்துவிடலாம். தொல்லியல் துறையின் நினைவுச்சின்னங்களில் பதினைந்து வயதுக்குட்பட்டவர்களுக்குக் கட்டணம் இல்லை.

புராணா கிலா பக்கத்து உயிரியல் பூங்காவில் வெள்ளைப் புலி உண்டு. ஆனால் நடை அதிகம், பேட்டரி வண்டிக்கு வரிசை நிற்க வேண்டும். வண்டலூர் பார்த்த பிள்ளைகளுக்கு இது கட்டாயமில்லை.

செங்கோட்டை, குதுப் மினார் பார்க்காம வந்தா டெல்லி போனேன்னு எப்படிச் சொல்றது?

குதுப் மினார் சரி. 73 மீட்டர் கோபுரம், அண்ணாந்து பார்த்தாலே பிள்ளைகளுக்கு வாய் பிளக்கும், சுற்றிப் புல்வெளி. செங்கோட்டை வெளியிலிருந்து பார்க்கத்தான் கம்பீரம். உள்ளே நெடுந்தூரம் நடக்க வேண்டும், சின்னக் குழந்தைகள் பத்தாவது நிமிடத்தில் தூக்கச் சொல்வார்கள். அக்ஷர்தாம் கோயிலில் கைப்பேசியை வெளியே ஒப்படைக்க வேண்டும், வரிசை நீளம். பிள்ளைகளோடு மாட்டிக்கொண்டால் அழுகைதான்.

கிளம்புமுன் கிழமையைப் பாருங்கள். செங்கோட்டை, ரயில் அருங்காட்சியகம், அக்ஷர்தாம் மூன்றுக்கும் திங்கள் விடுமுறை. உயிரியல் பூங்காவுக்கு வெள்ளி. குதுப் மினாரும் ஹுமாயூன் கல்லறையும் எல்லா நாளும் திறந்திருக்கும். ஆகவே திங்கட்கிழமைக்குக் குதுப் மினார் அல்லது சுந்தர் நர்சரி பக்கம் என்று ஒதுக்கிவிடுங்கள்.

வெயிலே வரலைன்னா அன்னைக்கு முழுக்க ரூம்லயே அடைஞ்சு கிடக்கணுமா?

வேண்டாம், அந்த மாதிரி நாளுக்கென்றே கூரைக்குக் கீழே இரண்டு இடத்தைப் பத்திரப்படுத்தி வையுங்கள். பைரோன் சாலையில் தேசிய அறிவியல் மையம் இருக்கிறது. டைனோசர்களும், கை வைத்து இயக்கிப் பார்க்கும் பொருட்களும் உண்டு, அரை நாள் ஓடிவிடும். பகதூர் ஷா ஜாபர் சாலையில் சங்கரின் சர்வதேச பொம்மை அருங்காட்சியகம். கார்ட்டூனிஸ்ட் சங்கர் தொடங்கியது, 1965-லிருந்து இருக்கிறது. பல நாட்டு பொம்மைகள் கண்ணாடிக்குள் அந்தந்த ஊர் உடுப்போடு நிற்கும். நாலு வயதுப் பெண்ணுக்கு அறிவியல் மையத்தைவிட இதுதான் பிடிக்கும். இதற்கும் திங்கள் விடுமுறை.

மெட்ரோல குழந்தைக்கு டிக்கெட் உண்டா? பிராம் கொண்டு வரலாமா?

மூன்று அடி உயரத்துக்குக் கீழே இருந்தால் பெரியவர்களோடு இலவசம். எல்லா நிலையத்திலும் லிஃப்ட் உண்டு. காலை எட்டரை முதல் பத்தரை வரையும் மாலை ஐந்தரைக்கு மேலும் ராஜீவ் சௌக், காஷ்மீரி கேட் போன்ற ரயில் மாறும் நிலையங்களில் நசுங்கிவிடுவீர்கள். மேலே சொன்ன 11 முதல் 4 கணக்கு இதற்கும் பொருந்தும். விமான நிலையத்தின் மூன்றாம் முனையத்திலிருந்து புது டெல்லி ரயில் நிலையத்துக்குத் தனி விரைவு மெட்ரோவில் இருபது நிமிடம்தான். முதல் நாளே பிள்ளைகளுக்கு ஒரு குஷி.

மடக்கும் வகை பிராம் என்றால் கொண்டு வாருங்கள். இந்தியா கேட்டை ஒட்டிய கர்தவ்ய பாதையிலும் சுந்தர் நர்சரியிலும் நன்றாக உருளும். சாந்தினி சௌக் சந்துகளில் அது வெறும் சுமை. வாடகைக் கார்களில் குழந்தைகளுக்கான இருக்கை கிடைக்காது, பின் சீட்டில் நடுவில் உட்கார வையுங்கள்.

சாப்பாட்டுக்கு என்ன பண்றது? என் பையன் தயிர் சாதம் தவிர எதுவும் தொட மாட்டான்.

கன்னாட் பிளேஸில் சரவண பவன் இருக்கிறது, ஆந்திர பவன் கேண்டீனில் அன்லிமிடெட் சாப்பாடு, ஊர் முழுக்க சாகர் ரத்னா. தயிர் சாதப் பிரச்சினை தீர்ந்தது. ஆனால் தயிர் குளிர்ச்சியாக வரும், கொஞ்ச நேரம் வெளியில் வைத்துக் கொடுங்கள். அறையில் மின்சாரக் கெட்டில் இருந்தால் கஞ்சி, சேமியா, சத்துமாவு எல்லாம் ஆகிவிடும்.

குளிர்காலத்தில் மட்டும் கிடைப்பவற்றை ருசி காட்டாமல் அழைத்துப் போகாதீர்கள். சிவப்புக் கேரட்டில் செய்யும் காஜர் ஹல்வா, எள்ளும் வெல்லமும் சேர்த்து மொறுமொறுவென்ற கஜக், தெருவோரம் தணலில் சுட்டு எலுமிச்சையும் மசாலாவும் தூவித் தரும் சர்க்கரைவள்ளிக் கிழங்கு. மசாலா வேண்டாம் என்று சொன்னால் குழந்தைக்கு வெறும் கிழங்காகவே தருவார்கள்.

தண்ணீர் குடிக்கவே மாட்டார்கள், தாகம் எடுக்காது. சிறுநீர் மஞ்சளாகப் போவதை வைத்துத்தான் தெரியும். ஃபிளாஸ்க்கில் வெதுவெதுப்பான தண்ணீர் எப்போதும் கையில்.

தினமும் குளிக்க வைக்கணுமா?

தேவையே இல்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள், அதுவும் மதியம் வெயில் ஏறிய பிறகு. மற்ற நாள் வெந்நீரில் துண்டை நனைத்துத் துடைத்தால் போதும். இங்கே காற்று வறண்டது; கன்னமும் உதடும் மூன்றாம் நாளே வெடிக்கும். உடம்பு ஈரமாக இருக்கும்போதே மாய்ஸ்சரைசரோ வாஸ்லினோ தடவுங்கள். தேங்காய் எண்ணெய் கொண்டு வந்தால் அகல வாய் டப்பாவில் கொண்டு வாருங்கள், 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். குறுகிய வாய் பாட்டிலைக் கீசர் வெந்நீரில் நிறுத்தி வைத்துக் காத்திருக்கும் பாட்டிகளை எல்லா டிசம்பரிலும் பார்க்கிறேன்.

இந்தி சுத்தமா தெரியாது, சமாளிக்க முடியுமா?

முடியும். மெட்ரோ, ஹோட்டல், செயலி வழிக் கார் எல்லாம் ஆங்கிலத்தில் ஓடிவிடும். 'கரம் பானி' என்றால் வெந்நீர், 'மிர்ச்சி நஹீன்' என்றால் காரம் வேண்டாம். குழந்தையோடு இருப்பவருக்கு இந்த இரண்டுமே பாதி வழி. பிள்ளையின் சட்டைப்பையில் உங்கள் கைப்பேசி எண்ணையும் ஹோட்டல் பெயரையும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் எழுதி வையுங்கள். தொலைந்துபோனால் 112, குழந்தைகள் உதவிக்கு 1098.

நியூ இயர் ராத்திரி இந்தியா கேட் போகலாம்னு பசங்க ஆசைப்படுறாங்க...

இந்தியா கேட் கட்டாயம் போங்கள், வேறொரு நாள், மதியத்தில். டிசம்பர் 31 இரவு அந்தப் பக்கம் போக்குவரத்தைத் திருப்பிவிடுவார்கள், ராஜீவ் சௌக் மெட்ரோவிலிருந்து இரவு ஒன்பதுக்கு மேல் வெளியேற விடமாட்டார்கள், குளிர் வேறு. ஜனவரி 1 பகல் இன்னும் மோசம். டெல்லியே அங்கேதான் இருக்கும். அந்த இரண்டு நாளும் உங்கள் ஏரியாப் பூங்காவில் கழியட்டும்.

அவ்வளவு தூரம் வந்துட்டு தாஜ்மஹால் பார்க்காம எப்படி?

ஐந்து வயதுக்கு மேல் என்றால் சரி, ரயிலில் மட்டும். நிஜாமுதீனிலிருந்து காலை 8.10-க்குக் கிளம்பும் கதிமான் எக்ஸ்பிரஸ் 100 நிமிடத்தில் ஆக்ரா. வெள்ளிக்கிழமை ஓடாது, தாஜுக்கும் அன்று விடுமுறை. காரில் விடியற்காலை யமுனா விரைவுச் சாலையில் போவதை மட்டும் செய்யாதீர்கள். மூட்டத்தில் முன்னால் நிற்கும் லாரி தெரியாமல் வண்டிகள் அடுத்தடுத்து மோதும் விபத்துகள் அங்கே குளிர்காலத்தில் நடக்கின்றன. குளிர்காலத்தில் வேக வரம்பையே குறைத்துவிடுகிறார்கள்.

'சூரிய உதயத்தில் தாஜ்' என்ற விளம்பரமும் டிசம்பருக்கு இல்லை. வெள்ளைப் பளிங்கும் வெள்ளை மூட்டமும் சேர்ந்து எதிரே ஒன்றுமே தெரியாது. பதினோரு மணிக்கு மேல் உள்ளே போங்கள்.

அப்படியே மணாலி போய் ஸ்னோ காட்டிட்டு வந்துடலாமா? பக்கத்துலதானே?

பக்கம் இல்லை. மணாலி 530 கிலோமீட்டர், மலைப்பாதையில் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல். பிள்ளைகள் வளைவுக்கு வளைவு வாந்தி எடுப்பார்கள். பனி பார்ப்பதுதான் ஆசை என்றால் அதைத் தனிப் பயணமாக, குறைந்தது ஆறு நாளோடு வையுங்கள். டெல்லியில் பனி பெய்யாது என்பதைப் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், ஏமாற்றம் குறையும்.

டெல்லி காத்து விஷம்னு நியூஸ்ல காட்டுறாங்க. குழந்தைகளைக் கூட்டிட்டு வரலாமா வேண்டாமா?

மழுப்பாமல் சொல்கிறேன்: காற்று மோசம்தான். குளிர்காலத்தில் தரையை ஒட்டிய குளிர்ந்த காற்றின் மேல் வெப்பக் காற்று மூடிபோலப் படிந்துவிடுகிறது, காற்று வீசுவதும் குறைவு. வண்டிப் புகை, தூசி, குப்பை எரிக்கும் புகை எல்லாம் கீழேயே தங்கிவிடும். நவம்பரில் பஞ்சாப், ஹரியானா வயல்களில் வைக்கோல் எரிக்கும் புகையும் பட்டாசுப் புகையும் சேர்வதால்தான் அந்த மாதத்தை வேண்டாம் என்றேன்.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 'சமீர்' செயலியை இறக்கி வைத்துத் தினமும் காலையில் பாருங்கள். காற்றுத் தரக் குறியீடு (ஏ.க்யூ.ஐ.) 200-க்குள் இருந்தால் வழக்கம்போலச் சுற்றலாம். 201 முதல் 300 வரை 'மோசம்', ஓடி விளையாடுவதைக் குறையுங்கள். 301-ஐத் தாண்டினால் கூரைக்குக் கீழ் இடங்கள், மேலே சொன்ன மூட்ட நாள் பட்டியல் இதற்கும் உதவும். 401-க்கு மேல் 'கடுமை', வெளியே போகவே வேண்டாம். ஒரே நாளில் காலையில் 350 இருந்து மதியம் குறைவதும் உண்டு. துணி முகக்கவசம் நுண்துகளைத் தடுக்காது, என்95 வகையில் குழந்தை அளவு வேண்டும், மூக்கோரம் இடைவெளி இல்லாமல் பொருந்த வேண்டும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு முகக்கவசம் போடவே கூடாது.

என் பொண்ணுக்கு வீசிங் இருக்கு. மருந்து எடுத்துட்டு வந்தா போதும்ல?

டிசம்பரிலும் ஜனவரியிலும் டெல்லி வேண்டாம். வருஷத்துக்கு ஒரு தரம் லேசாக வருவதுதான் என்றாலும் உங்கள் குழந்தை மருத்துவரைக் கேட்காமல் டிக்கெட் போடாதீர்கள். பிப்ரவரி கடைசி, மார்ச் என்றால் யோசிக்கலாம்.

தவிர்க்க முடியாமல் வரவேண்டியிருந்தால் இன்ஹேலர், ஸ்பேசர், மருந்துச் சீட்டு எல்லாம் கைப்பையில் இருக்கட்டும், லக்கேஜில் அல்ல. குழந்தை வேகவேகமாக மூச்சு வாங்கினாலோ, விலா எலும்புக்கு நடுவே சதை உள்ளே இழுத்தாலோ காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். கன்னாட் பிளேஸுக்குப் பக்கத்தில் கலாவதி சரண் மருத்துவமனை குழந்தைகளுக்கென்றே உள்ள அரசு மருத்துவமனை.

அம்மா அப்பாவையும் கூட்டிட்டு வர்றேன். மலை மந்திர் பார்க்கணுமாம்.

ஆர்.கே. புரத்தில் குன்றின் மேல் இருக்கும் முருகன் கோயில், சுவாமிநாதனைக் கண்டதும் பாதிக் களைப்பு போய்விடும். சிக்கல் எங்கே என்றால், மார்கழி என்று பெரியவர்கள் நாலரைக்கு எழுந்து பச்சைத் தண்ணீரில் குளித்துக் கோயிலுக்குக் கிளம்பிவிடுவார்கள். ரத்த அழுத்தமும் இதய நோயும் உள்ளவர்களுக்கு விடியற்காலைக் குளிர் நிஜமான ஆபத்து, அந்த நேரத்தில் காற்றும் மோசமாக இருக்கும். மாலை தரிசனத்துக்குப் பேசி ஒப்புக்கொள்ள வையுங்கள். கல் தரையில் வெறுங்காலோடு நடக்க வேண்டும். சாக்ஸ் போட்டுக்கொண்டு நடக்கலாமா என்று கேட்பார்கள், இங்கே எல்லாரும் அப்படித்தான் நடக்கிறார்கள்.

பொங்கல் லீவுல வந்து, அப்படியே குடியரசு தினப் பரேடும் பார்த்துட்டுப் போகலாமா?

சின்னப் பிள்ளைகளோடு பரேடுக்கு நேரில் போவதை நான் ஆதரிக்க மாட்டேன். பத்தரை மணி அணிவகுப்புக்கு இருட்டிலேயே கிளம்பி, சோதனை வரிசைகளைத் தாண்டி, பையோ தின்பண்டமோ இல்லாமல் குளிரில் பல மணி நேரம் உட்கார வேண்டும். கழிப்பறைக்குப் போய்விட்டு வந்தால் இடம் இருக்காது. அதற்குப் பதிலாக ஜனவரி நடுவிலிருந்து கர்தவ்ய பாதையில் ஒத்திகை நடக்கும். வழியில் ஒட்டகப் படையோ குதிரைப் படையோ எதிர்ப்பட்டாலே பிள்ளைகள் குதிப்பார்கள்.

அந்த வாரங்களில் வேறு தொல்லைகளும் உண்டு. செங்கோட்டையைப் பல நாள் மூடுவார்கள், மத்திய டெல்லியில் சாலைகளைத் திருப்பிவிடுவார்கள், 26-க்கு முந்தைய நாட்களில் காலை பத்தேகாலிலிருந்து சுமார் இரண்டரை மணி நேரம் விமானங்களே இறங்காது, ஏறாது. பதிவு செய்யும்போது இந்த நேரத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

டிக்கெட் எடுத்தாச்சு. நாளன்னைக்கு கிளம்பணும், ஏ.க்யூ.ஐ. 420 காட்டுது. கேன்சல் பண்ணவா?

வீசிங் உள்ள பிள்ளையோ, ஒரு வயதுக்குட்பட்ட கைக்குழந்தையோ இருந்தால் தயங்காமல் கேன்சல் செய்யுங்கள், பணம் போனால் போகட்டும். மற்றவர்கள் முதலில் வானிலை முன்னறிவிப்பில் காற்றின் வேகத்தையும் மழையையும் பாருங்கள். மேற்கிலிருந்து காற்றழுத்தச் சலனம் ஒன்று வந்து ஒரு தூறல் போட்டால் 420 என்பது இரண்டே நாளில் 200-க்கு இறங்கியதும் உண்டு. காற்று அசையாமல் ஒரு வாரத்துக்கு மூட்டம் என்று போட்டிருந்தால் தேதியை மாற்றிவிடுங்கள்.

இல்லை, கிளம்பித்தான் ஆக வேண்டும் என்றால் ஒரு இரவு டெல்லியில் தங்கிவிட்டு ஜெய்ப்பூருக்குப் போய்விடலாம். ரயிலில் நாலைந்து மணி நேரம். காற்று பெரும்பாலும் டெல்லியைவிடத் தேவலாம், வெயிலும் சற்று முன்னதாக வரும், ஆம்பர் கோட்டையைப் பார்த்தால் செங்கோட்டையைப் பிள்ளைகள் கேட்கவே மாட்டார்கள். டெல்லியில் பதிவு செய்த ஹோட்டலை முதலில் கூப்பிட்டு, மீதி நாட்களை ரத்து செய்தால் எவ்வளவு திருப்பித் தருவார்கள் என்று கேட்டுவிட்டு ஜெய்ப்பூர் அறையைப் போடுங்கள்.